குரூண் சாலையில் வேன் நின்றது உன்னால் அல்ல

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் நீ அந்த நாலு வரியைத் தாண்டிப்போய்த்தான் படிப்பாய். அதனால் விஷயத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உன் பெரியப்பாவைக் கடைசியாகப் பார்க்கக் கிளம்பிய அன்று குரூண் சாலையில் நம் வேன் நின்றதே, அது உன்னால் நிற்கவில்லை. என்னால் நின்றது. இது எனக்கு அந்த மாதமே தெரியும். தெரிந்தும் மூன்று வருஷமாக வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். ஜொகூர் மாதா கோயிலில் உன் பக்கத்தில் நின்று உன் நெற்றியில் சிலுவை போட வேண்டியவள் நான். இதைச் சொல்லாமல் வந்து அந்தக் கையை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. உன் தங்கை ரீத்தா படித்துவிட்டு, ஒரு பிரதி எடுத்து மெர்கோங்கில் இருக்கும் பெரியம்மாவுக்கும் அனுப்புவாள். உன்மேல் பழி போட்டது சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும். அதை உன் காதில் மட்டும் ரகசியமாக எடுத்தால் எடுத்ததாக ஆகாது. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

இத்தனை நாள் இல்லாத ரோஷம் இப்போது எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். உனக்கு வரப்போகிற பெண் போன வாரம் ரீத்தாவுக்கு எழுதியிருந்தாள். அவள் அப்பாவின் காடி வழியில் நின்றுவிட்டதாம். நீ இறங்கி ஓரமாகப் போய் நின்றுகொண்டாயாம். வக்கேஷனல் ஸ்கூலில் இன்ஜின் படித்தவராமே, பானெட்டையாவது திறந்து பார்க்கக்கூடாதா என்று அவள் கேட்டதற்கு, நான் தொட்டால் கெட்டுப்போகும் என்றாயாம். அவள் அதை வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தாள். ரீத்தாவும் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பெரியம்மாவும் படிக்கப் போவதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நாம் சுங்கை லாலாங் தோட்டத்தை விட்டு பாக்கார் ஆராங் வீட்டுக்கு வந்த பிறகு, சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து உன் அப்பா அந்த ஜப்பான் வேனை வாங்கினார். தோட்டத்து லோரியை ஓட்டி, அதைத் தானே பிரித்துப் பூட்டிப் பழகியவர் அவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கார்புரேட்டர். இதில் இன்ஜெக்டர். முன் சீட்டைத் தூக்கினால் அடியில் இன்ஜின். அதன்மேல் விரல் நீளத்துக்கு நாலு இன்ஜெக்டர். ஒரே ஒரு வயர் வழியாகத்தான் நாலுக்கும் பேட்டரி கரண்டு வரும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று ஒரு கம்ப்யூட்டர் பெட்டி சொல்லும். அந்தக் கணக்குக்குப் பெட்ரோல் பீச்சும். கரண்டு நின்றால், டாங்கி நிறையப் பெட்ரோல் இருந்தும் இன்ஜினுக்குள் ஒரு சொட்டு இறங்காது. வண்டிக்குள் எதற்கு டிவிப் பெட்டி என்று உன் அப்பா முணுமுணுப்பார். நீயோ துரை வண்டியோடு விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாய். அந்த வண்டியின்மேல் உனக்கு அவ்வளவு ஆசை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் எலி சீட்டுக்கு அடியில் புகுந்து வயரைக் கடித்துவிட்டது. கடித்ததும் கடித்தது, நாலு இன்ஜெக்டருக்கும் கரண்டு கொண்டுபோகும் அந்த ஒற்றை வயரையே கடித்து வைத்தது. அப்பா இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றப் போனார். நான்தான் தடுத்தேன். முறுக்கி வைப்பதெல்லாம் தோட்டத்து வேலை, விடுங்கள், நான் ஈயம் வைக்கிறேன் என்றேன். பதினோரு வருஷமாகக் கிலாங்கில், ரேடியோ பேக்டரியில், போர்டுக்கு ஈயம் வைக்கிறவள் ஆயிற்றே. எங்கள் லைனில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரைத் தட்டில் ஒட்டிச் செக்கிங் மேசைக்கு அனுப்புவோம். அங்கே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கெட்டது இருந்தால் லைன் முழுவதும் கேட்கும்படி நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவள் எழுந்துபோய்த் தட்டை வாங்கிக்கொண்டு வர வேண்டும். புதுப் பெண்கள் அழுதுவிடுவார்கள். என் நம்பரைக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு உச்சந்தலை வரைக்கும் இருந்தது.

போர்டில் வேலை செய்ய ஒரு சின்ன சோல்டரிங் அயர்ன் போதும். தொட்டு எடுத்தால் ஈயம் பிடித்துக்கொள்ளும். வேன் வயர் அப்படி இல்லை. தடித்த வயர், உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது, எண்ணெய்ப் பிசுக்கு வேறு. சுரண்டிச் சுத்தம் பண்ணி, பெரிய அயர்னை வைத்து வயரையே நன்றாகச் சூடாக்கி, ஈயம் உள்ளே இறங்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். நான் போர்டுக்கு வைப்பதுபோல் ஒரு தொடு தொட்டு எடுத்துவிட்டேன். ஈயம் மேலே உட்கார்ந்துகொண்டது, உள்ளே போகவில்லை. பளபளப்பு இல்லாமல் சாம்பல் பூத்திருந்தது. கிலாங்கில் அப்படி ஒன்று கண்ணில் பட்டிருந்தால் நானே ரிஜெக்ட் தட்டில் தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு உன் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் நான் செய்வதை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி வைத்தால் முதலில் வைத்தது சரியில்லை என்று ஆகிவிடும். அந்த ஒரு வெட்கத்துக்காக டேப்பைச் சுற்றிவிட்டேன். என் ஆயுளில் நான் தெரிந்தே அனுப்பிய ஒரே ரிஜெக்ட் அதுதான்.

கொஞ்ச நாள் ஓடியது. பிறகு வண்டி ஒரு தினுசாக மக்கர் பண்ண ஆரம்பித்தது. சூடு ஏறினால் விளக்கை அணைத்ததுபோல் நிற்கும். அரைமணி ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். அப்பா பெட்ரோலைக் குறை சொன்னார், பில்டரை மாற்றினார், டாங்கியைக் கழுவினார். நீ இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தாய். மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் இன்ஜினை ஓடவிட்டு, அது நிற்கும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். நின்ற உடனே, ஆறுவதற்குள், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாய். நெருப்புப் பொறி வந்தது. பெட்ரோலும் இன்ஜெக்டர் வாசல் வரைக்கும் வந்தது. மீட்டர் போர்டிலிருந்து எடுத்த குட்டி பல்பில் இரண்டு வயரைக் கட்டி இன்ஜெக்டரின் பிளக்கில் செருகி, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னாய். சிமிட்ட வேண்டிய பல்பு சிமிட்டவில்லை. நாலிலும் இல்லை. பிறகு வயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனாய். நான் ஈயம் வைத்த இடத்துக்கு இந்தப் பக்கம் கரண்டு இருந்தது, அந்தப் பக்கம் இல்லை. டேப்பைப் பிரித்துப் பார்த்தாய். நீ சந்தோஷமாகத்தான் வந்தாய், கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம்.

"அம்மா, உங்க ஜாயிண்டுதாம்மா. சூடானா உள்ளுக்குள்ள விட்டுப்போவுது. பெரிய அயர்ன் வச்சி நான் திரும்ப அடிச்சிர்றேன்."

மரியாதையாகத்தான் சொன்னாய், தம்பி. அதில் ஒரு குற்றமும் இல்லை. எனக்கோ லைனில் என் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது. நேற்று முளைத்தவன் எனக்கு ஈயம் வைக்கச் சொல்லித் தருகிறாயா, ஒரு நாளைக்கு ஆயிரம் ஜாயிண்ட் வைக்கிறவளடா நான் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். சத்தம் கேட்டு அப்பா வந்தார். விசாரிக்கவே இல்லை. அம்மா வைத்ததில் கை வைக்காதே, பழையபடி டேப்பைச் சுற்று என்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் சமையல்கட்டுக்குள் போய்விட்டேன். நீ அப்பா சொன்னபடியே செய்தாய். உனக்குக் கல்யாணமாகப் போவதால் இந்த இடத்தில் ஒரே ஒரு புத்தி சொல்கிறேன். சொல்ல அருகதை இல்லாதவள்தான், இருந்தாலும் கேட்டுக்கொள். உன் பெண்டாட்டி நீ செய்ததில் ஒரு குறை சொன்னால், முதலில் போய் அந்தக் குறையைப் பார். கோபம் எங்கேயும் ஓடிவிடாது, பார்த்துவிட்டு வந்தும் படலாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெரியம்மா பக்கத்து வீட்டுக்கு ஃபோன் பண்ணினார். பெரியப்பா அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், தன் தம்பியைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றார். என்னைக் கட்டிக்கொள்வதற்காக உன் அப்பா ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. இருபத்திரண்டு வருஷம். சாமியை மாற்றியவன் எனக்குத் தம்பி இல்லை என்று சொன்ன மனுஷன், சாகும்போது கூப்பிடுகிறார். உன் அப்பா சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். நீ வண்டியை எடுத்தாய். பெடோங் தாண்டி, குரூணுக்கு இந்தப் பக்கம், ஒரு கடையோ வீடோ இல்லாத இடத்தில், உச்சிவெயிலில் வேன் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் இத்தனை நாள் கை வரவில்லை. நீ கத்தியை எடுத்துக்கொண்டு சீட்டைத் தூக்கினாய். "அஞ்சு நிமிஷம் குடுங்கப்பா. வயர சொரண்டி முறுக்குனா போதும், ஓடிரும்" என்றாய். அப்பா உன்னை ஓங்கி அறைந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை நோண்டி நாசமாக்கிவிட்டாய், இன்னும் என்ன நோண்டப் போகிறாய் என்று கத்தினார். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் நம் வீட்டில் அப்படித்தானே? கெட்டுப்போன எதையும் கடைசியாகத் தொட்டவன் எவனோ அவன்தான் கெடுத்தவன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், நான் ஏதாவது சொல்வேன் என்று. சொன்னேன். "அதான் கை வைக்காதன்னு அப்பா அன்னைக்கே சொன்னாரே" என்றேன். இதைச் சொன்ன வாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அப்பா ஒரு மரக்கட்டை லோரியை நிறுத்தி ஏறிக்கொண்டார். நானும் ஏறினேன். உன்னை வேனோடு விட்டுவிட்டு வந்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று என்றார் பெரியம்மா. கடைசி வரைக்கும் வந்துட்டானா, வந்துட்டானா என்று கேட்டாராம். அப்பா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் மெர்கோங் வீட்டில், எடுக்கும் முன்னால், வந்தவர்கள் எல்லாரும் ஏன் தாமதம் என்று கேட்டார்கள். என் மகன் வண்டியை நோண்டிக் கெடுத்துவிட்டான் என்று அப்பா ஒவ்வொருவரிடமும் சொன்னார். பெரியம்மா உன்னை வாய்க்கரிசி போட விடவில்லை. நீ வாசலில் செருப்புகளுக்கு நடுவில் நின்றாய். நான் உன்னைத் தாண்டித்தான் உள்ளே போனேன், வெளியே வந்தேன்.

இரண்டு ஞாயிறு கழித்து, தலைவலி என்று சொல்லிவிட்டுப் பூசைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். நீங்கள் மூவரும் மாதா கோயிலுக்கு நடந்து போனதும் சீட்டைத் தூக்கி டேப்பைப் பிரித்தேன். விரலால் ஒரு அசைப்பு அசைத்தேன். என் ஈயம் சிரங்கின் பொருக்கு மாதிரி கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்பு கறுப்பாக அப்படியே இருந்தது. நீ சொன்ன இடம், நீ சொன்ன காரணம். தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்து வீட்டுப் பெரிய அயர்னை வாங்கி வந்து, சுரண்டி, சூடாக்கி, ஒழுங்காக ஈயம் வைத்து, புது டேப் சுற்றி, நீங்கள் திரும்பி வருவதற்குள் சீட்டை இறக்கிவிட்டேன்.

அன்றிலிருந்து அந்த வேன் நிற்கவே இல்லை. அதுதான் உனக்கு எமனாகப் போயிற்று. யாரும் ஒன்றும் பண்ணவில்லை, இவன் கை படாமல் இருந்ததும் தானாக ஓடுகிறது பார் என்றார் அப்பா. சொந்தக்காரர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். நீயும் ஒருநாள் வேனைச் சுற்றிச் சுற்றி வந்து, யாராவது அந்த ஜாயிண்டைத் தொட்டார்களா என்று என்னைக் கேட்டாய். இல்லை என்றேன். அப்போது உன் முகம் போன போக்கு எனக்கு மறக்காது. அப்படியென்றால் நான் கண்டுபிடித்தது தப்பு, என் கைதான் கெடுத்திருக்கிறது என்று நீயே நம்பிவிட்டாய். மூன்று மாதத்தில் ஜொகூருக்குப் போய் ஒரு குடோனில் சாமான் எண்ணும் வேலைக்குச் சேர்ந்தாய். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்தவள் இங்கே மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், திமிர் என்பது பாதிதான். மீதி பயம். ஒருமுறை என்னால் உன் அப்பா அண்ணனை இழந்தார். இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்த அண்ணன் கூப்பிட்டும் போய்ச் சேர முடியாமல் போனதற்கும் நான்தான் காரணம் என்றால், அந்த மனுஷன் என் முகத்தில் எப்படி விழிப்பார்? பிள்ளைமேல் இருக்கிற கோபம் ஆறிவிடும், பெண்டாட்டிமேல் வந்தால் ஆறாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறவில்லை, தம்பி. உனக்கும் அவருக்கும் ஆறவே இல்லை.

போன வருஷம் அவர் படுக்கையில் விழுந்தபோது, சாவதற்குப் பத்து நாள் முன்னால், ஒரு காலை நேரம் கஞ்சி கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடிப்பார், அழுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கஞ்சியை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "தெரியும் புள்ள. அந்தக் கிறிஸ்மஸுக்கு முன்னாடியே சீட்டத் தூக்கினப்ப பாத்தேன். புது டேப்பு. பிரிச்சா புது ஈயம். வீட்ல வேற யாரு வப்பா?"

தெரிந்துமா பிள்ளையைக் கூப்பிடாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"கூப்ட்டா காரணம் சொல்லணுமே லா. ஒன்னால தாங்க முடியாதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நீ சாவுக்கு வந்தாய். மண் போட்டாய். அன்று சாயங்காலமே பஸ் ஏறக் கிளம்பினாய். வாசலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வாயெடுத்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். நான் அவரைத் தாங்கினேன், அவர் என்னைத் தாங்கினார். அவ்வளவு அருமையான புருஷன் பெண்டாட்டி. உன்னைத் தாங்க அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. நீ குற்றம் செய்யாதவன் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். தெரியாமல் இருந்தவன் நீ ஒருவன்தான்.

கல்யாணத்துக்கு பஸ் டிக்கெட் எடுக்கிறேன் என்று ரீத்தா அவசரப்படுகிறாள். அவளுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நீ வா என்று எழுதினால் நான் வருகிறேன். வராதே என்று எழுதினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? ஆனால் அங்கே யாராவது மாப்பிள்ளையின் அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டால், உடம்பு சரியில்லை என்று சொல்லி என்னைக் காப்பாற்றாதே. காரணத்தைச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா